நடுவிலிருந்து பாடச் சொன்னால்

டாங்கோ நடனம் கற்றுக்கொள்பவர்களுக்குள் ஓயாத ஒரு வாக்குவாதம் உண்டு. அடிவைப்புகளைத் தொடர்தொடராக மனப்பாடம் செய்து ஆடுவதா, இல்லை ஆட்டத்தின் அடிப்படை விதிகளைப் புரிந்துகொண்டு அந்தந்த நேரத்துக்கு ஏற்றபடி ஆடுவதா? புவெனஸ் அயர்ஸ் சமாச்சாரத்தைப் பற்றி திருத்தணிப் பக்கத்து ஆள் எதுக்கு எழுதுறான்னு கேக்கலாம். அதே கேள்வி போன மாதம் எங்க வீட்டுக்குள்ளயே வந்தது, பாட்டு வகுப்பு ரூபத்தில். ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. அதற்காகப் படித்ததையும் யோசித்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் டாங்கோ. பெங்களூரில் வேலை பார்த்த நாட்களில் ஒரு வருஷம் போல வகுப்புக்குப் போயிருக்கிறேன். சினிமாவில் மட்டும் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லணும்: கூடத்தில் ஆடும் டாங்கோ முன்கூட்டியே அமைத்த ஆட்டம் இல்லை. மேடை டாங்கோ வேறு. கூடத்தில் பல ஜோடிகள் ஒரே நேரத்தில், இடஞ்சுழியாகச் சுற்றிவந்தபடி ஆடுவார்கள். ஜோடியில் ஒருவர் நடத்துபவர், மற்றவர் தொடர்பவர். அடுத்த அடி எது என்பதை நடத்துபவர் அந்த நொடியில் தீர்மானிக்கிறார். தொடர்பவர் அதைப் பேச்சில்லாமல், எதிராளியின் மார்பு திரும்புவதை வைத்தே படித்துக்கொள்கிறார். யார் எந்த அடி வைப்பார் என்று இருவருக்குமே முன்னால் தெரியாது.

இப்படிப்பட்ட ஆட்டத்தைக் கற்றுக்கொடுக்க உலகம் முழுக்கப் பரவிய பாடம் 'எட்டு அடி'. நடத்துபவர் ஒரு அடி பின்னால், ஒரு அடி பக்கவாட்டில், இரண்டு அடி முன்னால், ஐந்தாவதில் தொடர்பவரின் கால்கள் ஒன்றையொன்று குறுக்கே கடந்து நிற்கும், பிறகு முன்னால், பக்கவாட்டில், சேர்த்து நிறுத்து. முடிந்தது, மறுபடி ஒன்றிலிருந்து. முதல் வாரமே 'ஆடுகிறோம்' என்ற திருப்தி கிடைத்துவிடும். கூட்டத்தில் போய் ஆடும்போதுதான் சிக்கல். முதல் அடியே பின்னால் வைப்பது. பின்னால் வந்துகொண்டிருக்கும் ஜோடி மேல் இடிக்கும். மூன்றாம் அடியில் முன்னால் ஆள் நின்றுவிட்டால் நாலாவதுக்கு வழியில்லை. எட்டையும் ஒரே மூச்சாகக் கற்றவர் அங்கே நின்றுவிடுவார், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க இடம் தேடுவார்.

1990களில் குஸ்தாவோ நவெய்ரா, ஃபாபியான் சாலஸ் என்ற இரண்டு ஆட்டக்காரர்கள் புவெனஸ் அயர்ஸில் சேர்ந்து பயிற்சி செய்து, இந்த ஆட்டம் எதனால் ஆனது என்று பிரித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். கிடைத்தது வியப்பான அளவுக்குச் சின்னது. ஒருவரைச் சுற்றி இன்னொருவர் வைக்கக்கூடிய அடி மூன்றே வகை: முன், பின், பக்கம். அதோடு ஒற்றைக்காலில் திரும்புவது, எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றுவது. இருவரும் எதிரெதிர்க் கால்களில் நடக்கிறார்களா, ஒரே பக்கக் கால்களிலா என்ற ஒரு வேறுபாடு. தொடர்பவர் சுற்றிவரும்போது முன், பக்கம், பின், பக்கம் என்று அடிகள் மாறி மாறி வரும் என்ற ஒரு வழக்கம். தனித்தனிப் பெயருள்ள நூற்றுக்கணக்கான உருவங்களில் பெரும்பகுதியை இதை வைத்தே பிரித்துச் சொல்லிவிடலாம். எட்டு அடியும் இதற்குள் ஒரு பாதை, அவ்வளவுதான். பாதையில் எந்த இடத்திலும் இறங்கி வேறு பாதைக்குப் போகலாம்.

இதைக் கேட்டதும் 'அப்போ மனப்பாடமே வேண்டாம், விதியைச் சொல்லிக்கொடுத்தால் போதும்' என்று ஒரு கூட்டம் கிளம்பியது. அந்த வழியில் மட்டும் கற்றவர்களையும் வகுப்பில் பார்த்தேன். எல்லாம் தெரியும், பலகையில் படம் போட்டு விளக்குவார்கள். பாட்டு ஆரம்பித்தால் காலில் ஒன்றும் வராது. யோசித்து முடிப்பதற்குள் நாலு தாளம் போயிருக்கும்.

இனி வீட்டு விஷயம்.

அக்கா திருத்தணியில் இருக்கிறாள். அவள் மகளுக்குப் பன்னிரண்டு வயது, மூன்று வருஷமாக வாய்ப்பாட்டு. டீச்சர் அறுபதைத் தாண்டியவர், தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவார். திருத்தணியில் அது சாதாரணம். 1960 ஏப்ரல் 1 வரைக்கும் ஊரே ஆந்திராவில் சித்தூர் மாவட்டத்தோடு இருந்ததுதானே. மூன்று வருஷத்தில் சரளி வரிசை, ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, அலங்காரம், கீதம் முடிந்து இப்போது வர்ணத்தில் நிற்கிறாள். அதே வயசுப் பெண்ணொருத்தி இணைய வகுப்பில் சேர்ந்து ஆறு மாதத்தில் பன்னிரண்டு பாட்டு பாடுகிறாள். மேடையில் ஏறி, கற்பனாஸ்வரம் எல்லாம் போட்டுப் பரிசு வாங்கி வந்துவிட்டாள்.

"நம்ம பொண்ணு இன்னும் ஸரிகம சொல்லிட்டு இருக்காடா. மாத்திடலாமான்னு பாக்குறேன். நீதான் எதையாவது நோண்டிக்கிட்டே இருப்பியே, சொல்லு" என்றாள் அக்கா.

டீச்சருக்கு அந்தத் தெருவில் மிச்சமிருப்பது ஐந்து பிள்ளைகள். இவள் போனால் நாலு. அக்கா அதைச் சொல்லவில்லை, ஆனால் அவள் குரலில் அது இருந்தது.

அந்தப் பரிசுப் பெண்ணின் கற்பனாஸ்வரம் நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தது. இதில் அந்தக் குழந்தையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, பல இடங்களில் அப்படித்தான் நடக்கிறது. ஆனாலும் 'கற்பனை' என்று பெயர் வைத்த ஒன்றை எழுதிவைத்து ஒப்பிப்பது கொஞ்சம் வேடிக்கைதான். எட்டு அடிக் கதையேதான்: தாளத்தில் ஒரு அட்சரம் தவறினால் திரும்ப முதலிலிருந்து.

அப்படியானால் நம்ம டீச்சரின் வரிசைகள் மட்டும் என்ன? அதுவும் மனப்பாடம்தானே? இந்த இடத்தில்தான் நான் ரொம்ப நேரம் நின்றேன்.

ரூபக தாள அலங்காரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஸரி ஸரிகம. அடுத்து ரிக ரிகமப. அடுத்து கம கமபத. இப்படியே மேல் ஸட்ஜம் வரை போய், அதேபோல இறங்கும். குழந்தைகள் இதை முழுசாக, ஒரு நீளமான பாட்டு போல நெட்டுருப் போடுகிறார்கள். ஆனால் இதில் மனப்பாடம் செய்ய வேண்டியது உண்மையில் ஆறே ஸ்வரம். மிச்சமெல்லாம் ஒரே ஒரு விதி: இந்த உருவத்தை ஒரு படி மேலே நகர்த்து. துருவ தாளம் கொஞ்சம் நீளம். ஸரிகம கரி ஸரிகரி ஸரிகம, 14 அட்சரம். அதற்கும் விதி அதேதான். ஏழு தாளத்துக்கு ஏழு உருவம், நகர்த்தும் விதி ஒன்று. லகுவுக்கு 3, 4, 5, 7, 9 என்று ஐந்து ஜாதி. ஏழை ஐந்தால் பெருக்கினால் 35 தாளம். முப்பத்தைந்தையும் யாரும் தனித்தனியாக உருப்போட வேண்டியதில்லை.

ஆக, வரிசை என்பது விதியைப் பொதித்து வைத்த பொட்டலம். புரந்தரதாசர் 16ஆம் நூற்றாண்டில் இந்தப் பாடமுறையை அமைத்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அவர் அமைத்தாரோ, அவருக்கு முன்னாலேயே பாதி இருந்ததோ, அமைத்தவருக்கு இது தெரியாமல் இருந்திருக்க முடியாது. பிரச்சினை என்னவென்றால் பொட்டலத்தைக் கொடுக்கிறோம், பிரிக்கச் சொல்வதில்லை. சில குழந்தைகள் தானாகப் பிரித்துக்கொள்வார்கள். 'அதுக்கு ஞானம் இருக்கு' என்று அவர்களைச் சொல்லிவிட்டு மற்றவர்களை விட்டுவிடுகிறோம்.

தொடக்கப் பாடம் ஏன் மாயாமாளவகௌளையில் என்பதிலும் இப்படி ஒரு பொட்டலம் இருக்கிறது. கீபோர்டு இருந்தால் போட்டுப் பாருங்க. ஒரு கட்டையை ஸ என்று வைத்துக்கொண்டால் அடுத்த கட்டையே ரி. பிறகு இரண்டு கட்டையைத் தாண்டி க. அடுத்த கட்டை ம. அங்கிருந்து ஒரு கட்டையைத் தாண்டினால் ப. இனி கவனியுங்கள்: ப-வுக்கு அடுத்த கட்டை த, இரண்டைத் தாண்டி நி, அடுத்தது மேல் ஸ. கீழ்ப்பாதியும் மேல்பாதியும் அச்சு அசலாக ஒரே அமைப்பு. ஸரிகம பிடிபட்டால் பதநிஸ இலவசம். சின்ன இடைவெளி, பெரிய இடைவெளி, சின்ன இடைவெளி என்பதால் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று குழம்பவும் குழம்பாது. மூன்று வருஷம் பாடிய என் மருமகளிடம் இதை யாரும் சொன்னதில்லை. அவள் தொண்டைக்கு அது தெரியும், அவளுக்குத் தெரியாது.

இதையெல்லாம் திருத்தணியில் உட்கார்ந்து யோசிப்பதற்குத் தனிப் பொருத்தம் உண்டு. முத்துஸ்வாமி தீட்சிதரின் (1775-1835) முதல் கீர்த்தனை பிறந்தது இந்த மலையில்தான் என்று மரபு சொல்கிறது. காசியில் சிதம்பரநாத யோகியிடம் இருந்துவிட்டு தெற்கே திரும்பியவர் திருத்தணிக்கு வருகிறார். ஒரு முதியவர் எதிரே வந்து, வாயைத் திறக்கச் சொல்லி, கற்கண்டைப் போட்டுவிட்டு மறைகிறார். தீட்சிதர் பாடத் தொடங்குகிறார். 'ஸ்ரீநாதாதி குருகுஹோ' என்று ஆரம்பிக்கும் அந்தக் கீர்த்தனை எந்த ராகம்? மாயாமாளவகௌளை. பல்லவி எப்படித் தொடங்குகிறது? ஸரிகமபதநிஸ என்று வரிசையாக ஏறி, ஸநிதபமகரிஸ என்று இறங்கும் போக்கில். முதல் நாள் குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கும் அதே சரளி வரிசை!

கற்கண்டுக் கதையை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். எனக்குக் கதையைவிட அந்தப் பல்லவிதான் பெரிய விஷயம். வீணையும் வாய்ப்பாட்டும் ஊறிய வீட்டில் பிறந்தவர். அப்பா ராமஸ்வாமி தீட்சிதரே பெரிய வாக்கேயக்காரர். எத்தனையோ கடினமான ராகங்களைத் தொட்டிருக்கலாம். அவர் கையில் எடுத்தது எல்லாருக்கும் மனப்பாடமான ஒன்றை. குழந்தைகள் கத்திப் பாடும் அந்த ஏற்ற இறக்கத்துக்குள் ஒரு கீர்த்தனை இருக்கிறது என்று காட்டிவிட்டார். ராகத்தின் பெயரையும் சரணத்துக்குள்ளேயே பொருளோடு வைத்துவிட்டார்.

இதோடு நிற்கவில்லை. குருகுஹன் மேல் திருத்தணியில் அவர் பாடியவை எட்டு, எட்டும் வடமொழியின் எட்டு வேற்றுமைகளில் என்பது வழக்கு. முதல் வேற்றுமையில் முதல் கீர்த்தனை, இரண்டாம் வேற்றுமை ஆனந்தபைரவியில், மூன்றாவது பாடி ராகத்தில் என்று போகும். நம்ம பள்ளிக்கூடத்தில் 'ஐ, ஆல், கு, இன், அது, கண்' என்று ஒரே ராகத்தில் கத்துவோமே, அந்த வாய்பாட்டின் வடமொழி வடிவம். ஆக அவர் முன்னால் இருந்தவை இரண்டு மனப்பாடப் பட்டியல்கள்: ஸ்வர வரிசை ஒன்று, வேற்றுமை உருபு வரிசை ஒன்று. இரண்டுமே உலகத்திலேயே அலுப்பான பாடங்கள்தான். ஆனால் வேற்றுமை வாய்பாடு தெரிந்தவனுக்கு எந்தப் பெயர்ச்சொல்லைக் கொடுத்தாலும் வாக்கியம் அமைக்க வரும். அதுதான் அந்தப் பட்டியலின் வேலை. பட்டியலாகவே வைத்திருந்தால் அது தேர்வுக்கு மட்டும்தான் ஆகும்.

இந்த எட்டுக்கு நடுவே சின்னதாக ஒரு இடைச்செருகல்: தஞ்சை நால்வர் என்கிறோமே, பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு, அவர்கள் தீட்சிதரின் சீடர்கள். இன்று பரதநாட்டியக் கச்சேரி அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் வரிசையை ஒழுங்குபடுத்தியவர்கள் என்ற பெருமை அவர்களுக்கு உண்டு. டாங்கோவுக்கு நெருக்கமான நம்ம ஊர் உதாரணம் என்றால் அடவுதான். தட்டடவு, நாட்டடவு என்று ஒவ்வொன்றையும் வலது பக்கம், இடது பக்கம், மூன்று காலத்தில் செய்யச் சொல்வார்கள். ஒரே உருவத்தைத் திருப்பிப் போடவும், வேகத்தை இரட்டிக்கவும் பழக்குவது. அதை விட்டுவிட்டு நேராக ஒரு உருப்படியை மட்டும் நாலு நிமிஷப் பாட்டுக்குக் கற்றுக்கொண்டு ஆண்டு விழாவில் ஆடுகிறவர்களுக்கு அந்த நாலு நிமிஷம்தான் சொத்து.

சரி, விதியை மட்டும் கற்றால் என்ன ஆகும் என்பதற்கு நானே உதாரணம். 72 மேளகர்த்தா அட்டவணையை எப்படிக் கேட்டாலும் சொல்வேன். ரி-க ஜோடி ஆறு விதம், த-நி ஜோடி ஆறு விதம், ம இரண்டு. ஆறு பெருக்கல் ஆறு பெருக்கல் இரண்டு, 72. வேங்கடமகி 17ஆம் நூற்றாண்டில் 'சதுர்தண்டி ப்ரகாசிகை'யில் போட்ட கணக்கு. மாயாமாளவகௌளை அதில் எத்தனையாவது? பெயரிலேயே இருக்கிறது: கடபயாதி முறையில் மா என்றால் 5, யா என்றால் 1, திருப்பிப் போட்டால் 15. பழைய பெயர் மாளவகௌளைதான், இந்த எண்ணுக்காகவே முன்னால் 'மாயா' ஒட்டிக்கொண்டது. எழுபத்திரண்டையும் ஸ்ப்ரெட்ஷீட்டில் பத்து நிமிஷத்தில் போட்டுவிடுவேன். ஒன்றையாவது பாடச் சொன்னால் எழுந்து போய்விடுவேன். அட்டவணை உண்மை, அழகும்கூட. ஆனால் அது தொண்டைக்குள் இறங்கும் வழி வேறு, அந்த வழியில் ஆயிரம் தடவை ஸரிகம கிடக்கிறது.

இந்த 'ஆயிரம் தடவை' என்ன செய்கிறது என்பதற்கு இரண்டு பழைய ஆய்வுகள் உதவியாக இருந்தன.

முதலாவது சதுரங்கம் பற்றியது. 1973இல் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் ஆட்டக்காரர்களுக்கு ஒரு பலகையை ஐந்து நொடி காட்டிவிட்டு, காய்கள் எங்கெங்கே இருந்தன என்று நினைவிலிருந்து அடுக்கச் சொன்னார்கள். நிஜமான ஆட்டத்திலிருந்து எடுத்த பலகை என்றால் தேர்ந்த ஆட்டக்காரர் அசத்திவிடுவார், புதியவர் நாலைந்து காயோடு நின்றுவிடுவார். அதே காய்களைக் கண்டபடி இறைத்து வைத்துக் காட்டினால் தேர்ந்தவரின் மேன்மை கிட்டத்தட்ட மறைந்தே போகிறது. தேர்ந்தவரிடம் இருப்பது பெரிய நினைவாற்றல் இல்லை. ஆட்டத்தில் பொருளுள்ள சின்னச் சின்னக் கூட்டங்களை ஒரே பார்வையில் அள்ளும் பழக்கம். அதாவது மனப்பாடம்தான், ஆனால் துண்டு துண்டாக, எங்கே வேண்டுமானாலும் பொருந்தும்படி. முழு ஆட்டத்தை ஒரே கயிறாக மனப்பாடம் செய்தவர் எதிராளி ஒரு காயை மாற்றி நகர்த்தினால் போச்சு.

இரண்டாவது, 1979இல் ஜான் ஷேயும் ராபின் மார்கனும் செய்தது. கையில் பந்தை எடுத்துக்கொண்டு மரத்தடுப்புகளை ஒரு குறிப்பிட்ட வரிசையில் தட்டிச் சாய்க்க வேண்டும், இப்படி மூன்று வரிசைகள். ஒரு குழு முதல் வரிசையை முழுக்க முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனது. இன்னொரு குழுவுக்கு மூன்றையும் கலந்து கலந்து கொடுத்தார்கள். பயிற்சி நேரத்தில் முதல் குழுதான் வேகம். பத்து நாள் கழித்துக் கூப்பிட்டுப் பார்த்தால் கலந்து பயின்றவர்கள்தான் நன்றாக வைத்திருந்தார்கள். பயிற்சியின்போது தடுமாறுவதைப் பார்த்து 'வரலை' என்று முடிவு கட்டினால் ஏமாறுவோம். அக்காவிடம் இதைச் சொன்னபோது, "அதான் டீச்சர் திடீர்னு போன வருஷத்துப் பாடத்தைக் கேப்பாங்களோ?" என்றாள். இருக்கலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை மருமகளை உட்கார வைத்து, ரூபக அலங்காரத்தைக் 'க'விலிருந்து ஆரம்பிக்கச் சொன்னேன். ஒரு நொடி விழித்தாள். மனசுக்குள் ஸரியிலிருந்து ஓட்டிப் பார்த்துவிட்டு, "கம கமபத" என்று பிடித்துக்கொண்டாள். "த"விலிருந்து கேட்டேன், அதுவும் வந்தது. பிறகு, "இதையே கல்யாணில பாடு" என்றேன்.

"கல்யாணில இது கிடையாது மாமா. இது மாயாமாளவகௌளை பாடம்."

இந்த ஒரு பதிலுக்காகத்தான் இவ்வளவு தூரம் எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம். பாடம் அவளுக்கு ஒரு பொருள், இன்ன அலமாரியில் இருக்கும் பொருள். கல்யாணி ஆரோகணத்தை ஒருதரம் பாடச் சொல்லிவிட்டு, அந்த உருவத்தை மட்டும் வைக்கச் சொன்னேன். வைத்தாள். இரண்டாம் வரியில் ம தடுமாறியது, மூன்றாம் வரியில் சரியானது. பாடிக்கொண்டே சிரித்தாள். அப்புறம் அவளாகவே, "மாமா, அப்ப ஸரி ஸரிகமக்குப் பதிலா ஸக ஸரிகம வைக்கலாமா?" என்று கேட்டாள். தாராளமாக. ஸக ஸரிகம, ரிம ரிகமப. தாளத்துக்குப் பழுதில்லை, இருபது நிமிஷம் அதிலேயே போனது.

மூன்று வருஷ வரிசை இல்லாமல் இந்த இருபது நிமிஷம் நடந்திருக்காது. பாட்டு பாட்டாகக் கற்ற குழந்தையிடம் நகர்த்துவதற்கு உருவமே இருக்காது, ஒரு முழுப் பாட்டை ஒரு படி மேலே நகர்த்த முடியாது இல்லையா. அதனால் டீச்சரை மாற்ற வேண்டாம் என்று அக்காவிடம் சொன்னேன். கூடவே, டீச்சர் பாடம் அப்படியே போகட்டும், வீட்டில் தினமும் கால் மணி நேரம் மூன்று வேலை செய்யட்டும் என்றும் சொன்னேன்: தெரிந்த வரிசையை நடுவிலிருந்து ஆரம்பிக்கணும், நடுவில் நிறுத்தி வேறொன்றுக்குத் தாவி, தாளம் விடாமல் திரும்பி வரணும், அதே உருவத்தை வேறு ராகத்தில் வைத்துப் பார்க்கணும். டாங்கோ வகுப்பில் எட்டு அடியை வைத்து நல்ல ஆசிரியர் ஒருவர் செய்ய வைத்ததும் இதேதான். மூன்றாம் அடியில் நில், அங்கிருந்து வேறு எங்கே போகலாம் சொல், என்பார்.

டீச்சர் கோபித்துக்கொள்வாரோ என்று அக்காவுக்குப் பயம். போய்ப் பேசினோம். அவர் கேட்டுவிட்டு, கீதத்துக்கு வந்தார். "சரளி முடிச்சதும் மலஹரி ஏன் வைக்கிறாங்க தெரியுமா? அதே ஸ்வரம்தான். நி கிடையாது, ஏறும்போது க-வும் கிடையாது. புள்ளைங்க தானா கண்டுபிடிக்கணும்னு நான் சொல்றதில்ல" என்றார். எத்தனை பேர் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, மூணு பேர், என்றார். நாற்பது வருஷத்தில். இவளுக்கு மட்டும் சொல்லிப் பார்க்கிறேன், எப்படி வருதுன்னு பாக்கலாம், என்று முடித்துக்கொண்டார். எனக்கு இது போதும். மூன்று பேர் என்பதை முப்பதாக்கலாம் என்பது என் கட்சி. தானாகக் கண்டுபிடித்ததுதான் ஒட்டும் என்பது அவர் கட்சி. அதற்கு என்னிடம் இன்னும் முழுப் பதில் இல்லை.

போட்டி விஷயத்தில் அக்கா இன்னும் சமாதானம் ஆகவில்லை. டிசம்பரில் ஒன்று வருகிறது, பெயர் கொடுக்கணுமாம். பாட்டு ஒன்று போதும், ஸ்வரம் இரண்டே ஆவர்த்தனம் இருந்தாலும் அவளே போடட்டும், பரிசு வராவிட்டால் பரவாயில்லை என்பது நான். "உனக்கென்ன, நீ பெங்களூருக்குப் போயிடுவ. இங்க எல்லாரும் கேக்குறது எனக்குத்தானே" என்பது அவள். அதுவும் நியாயம்தான்.

டிசம்பர் 31 அன்று மலையில் படித்திருவிழா. 365 படியிலும் நின்று நின்று திருப்புகழ் பாடிக்கொண்டு ஏறுவார்கள். அருணகிரிநாதர் பாடிய மெட்டுகள் நமக்குக் கிடைக்கவில்லை. ஒவ்வொரு பாட்டின் தலையிலும் 'தனதன தானன' என்று சந்தக் குறிப்பு மட்டும் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டுதான் பின்னால் வந்தவர்கள் தாளமும் ராகமும் அமைத்துப் பாடுகிறார்கள். பாட்டே போனாலும் உருவம் மட்டும் தங்கி, அதிலிருந்து திரும்பப் பாட்டு வருவது என்றால் இதுதான். சந்தக் கணக்கு தனி ஆராய்ச்சி, இந்தக் குறிப்பில் அடங்காது. மருமகளோடு இந்த வருஷம் படி ஏறிவிட்டு வந்து எழுதுகிறேன்.